காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி: ஒன்பது வருடத் துப்பாக்கி ரேஞ்ச் அனுபவம்

கல்லூரி என்.சி.சி. முகாமில் முதன்முதலாகப் பாயிண்ட் 22 ரைபிள் சுட்டபோது காதில் பஞ்சுகூட இல்லை. படுத்துச் சுட ஐந்து தோட்டா கொடுத்தார்கள். பக்கத்தில் படுத்திருந்த சீனியர் அண்ணன், "கைக்குட்டை நுனியைச் சுருட்டி அடைச்சுக்கடா" என்றார். அதுதான் அன்றைய பாதுகாப்புக் கவசம். இரவு முழுக்கக் காதுக்குள் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. காலையில் நின்றுவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

2016-இல் சென்னையில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். அப்போதிருந்து வாரத்துக்கு ஒரு நாள், சில மாதங்களில் இரண்டு நாள், பாயிண்ட் 22 ரைபிளும் பிஸ்டலும் சுடுகிறேன். இந்த ஒன்பது வருடத்தில் கணக்கில்லாத ஃபோம் ப்ளக் (காதுக்குள் அடைக்கும் நுரைத் தக்கை), மூன்று இயர் மஃப் (காதை மூடும் கிண்ணங்கள்), அச்செடுத்துச் செய்த ஒரு ஜோடி ப்ளக், நான்கு கண்ணாடி என் பையைக் கடந்து போயிருக்கின்றன. பிராண்ட் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் என் தலையோடும் என் பழக்கத்தோடும் சம்பந்தப்பட்டது.

முதலில் காது. சேர்ந்த ஒரு வருடத்தில் வேறு எதற்கோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போயிருந்தேன். ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுக்கச் சொன்னார். கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறியது. இரண்டு காதிலும் பள்ளம். இடது காதில் கொஞ்சம் ஆழம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி சுடுற பழக்கம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல் முனையைப் பார்த்திருக்கும். வலது காது தலையின் மறைவில் போய்விடும். பெரிய சத்தம் காதைக் கெடுக்கும்போது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் 4000-ஐச் சுற்றிய பகுதி. உள்காதின் மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது என்பதையும் அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். பள்ளம் என்.சி.சி.யில் விழுந்ததா, கிளப்பில் விழுந்ததா என்று தாளில் எழுதியிருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த ஒரு வருடமும் நான் ப்ளக் போட்டுக்கொண்டுதான் சுட்டேன். அதாவது, போட்டதாக நினைத்துக்கொண்டு.

மஞ்சளும் ஆரஞ்சுமாக வரும் ஃபோம் ப்ளக்கை நான் விரலால் காது வாசலில் அழுத்தி விட்டுவிடுவேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற எவருக்கும் ப்ளக் போட்ட மாதிரிதான் தெரியும். காதுக்கு மட்டும் தெரியாது. சரியான முறையை ரேஞ்சில் ஒரு ரிட்டையர்டு சுபேதார் சார் காட்டினார். முதலில் சுத்தமான கையால் மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். அப்புறம் எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்னால் இழுக்க வேண்டும். வளைந்திருக்கும் குழாய் அப்போதுதான் நேராகும். உள்ளே தள்ளி, அது விரியும்வரை இருபது முப்பது விநாடி விரலை எடுக்கக்கூடாது. சரியாக உட்கார்ந்திருந்தால் நாம் பேசுவது நமக்கே பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். எனக்கு அப்படிக் கேட்ட முதல் நாள், பக்கத்து லேன் ரைபிள் ஏதோ தூரத்தில் சுடுவதுபோல் இருந்தது. பத்துப் பதினைந்து ரூபாய்ச் சாமான். கிளப்பில் யாரும் அதுவரை சொல்லித்தரவில்லை. டப்பாவை மட்டும் நீட்டினார்கள்.

"பாயிண்ட் 22 தானே, என்ன பெரிய சத்தம்" என்று இன்னமும் கேட்கிறார்கள். ரைபிளில் சுமார் 140 டெசிபல் உச்சம். கணநேர வெடிச்சத்தத்துக்குப் பெரியவர்களுக்கான எல்லை என்று பொதுவாகச் சொல்வதே அந்த 140-தான். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு 120 என்று சொல்கிறது. அப்பாவோடு ரேஞ்சுக்கு வந்து பின்னால் நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 9 எம்.எம். பிஸ்டலும் 12 போர் துப்பாக்கியும் 150-ஐத் தாண்டும். டெசிபல் கணக்கில் பத்து ஏறினால் ஆற்றல் பத்து மடங்கு. கூரையும் சுவரும் சூழ்ந்த ரேஞ்சாக இருந்தால் அடி இன்னும் கூடும். பெரிய சத்தத்துக்குக் காதுக்குள் ஒரு குட்டித் தசை இறுகிக்கொள்வது உண்மை. ஆனால் வெடிச்சத்தம் வந்து போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும்.

டப்பாவில் என்.ஆர்.ஆர். 33, 29, 22 என்று எண் போட்டிருக்கும்; சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கான அமெரிக்க அளவு. ஐரோப்பியச் சாமானில் அதேபோன்ற எஸ்.என்.ஆர். இருக்கும்; ஒரே பொருளுக்கே இரண்டும் ஒத்துப்போகாது, எஸ்.என்.ஆர். பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். இரண்டுமே ஆய்வுக்கூடத்தில் பழகிய ஆள் ஒழுங்காக மாட்டிக்கொண்டால் வரும் எண். அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியோஷ், நடைமுறைக்கு மஃப் எண்ணில் கால்வாசியையும் ஃபோம் ப்ளக் எண்ணில் பாதியையும் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. என் முதல் வருடத்துக்குப் பாதி கழித்தாலும் போதாது. ப்ளக்கின் மேல் மஃப்பும் போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை, பெரிய எண்ணோடு ஏறத்தாழ ஐந்துதான் சேரும். கூரை போட்ட ரேஞ்சில் 9 எம்.எம். பக்கத்தில் நிற்கும் நாளில் அந்த ஐந்தையும் நான் விடுவதில்லை.

மஃப் கதை வேறு. முதலில் வாங்கியது பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில்; தடித்த கிண்ணம், நல்ல எண். பிஸ்டலுக்கு அருமை. ரைபிளின் பின்பகுதிக் கட்டையில் கன்னத்தை வைத்ததும் வலது கிண்ணம் கட்டையில் இடித்து மேலே தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் காதோரம் ஒரு கதவு திறந்த மாதிரி. ரைபிள் சுடுபவர்கள் எண் கொஞ்சம் குறைந்தாலும் ஒல்லிக் கிண்ணம் வாங்குங்கள், அல்லது ப்ளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதவு நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது: கண்ணாடியின் காது, அதாவது காதில் மாட்டும் பக்கக் கம்பி. தடித்த பிளாஸ்டிக் காது மஃப் மெத்தைக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி விழும். சத்தத்துக்கு அந்த இடைவெளி போதும். சோதிப்பது சுலபம். எல்லாம் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் சுடும்போது இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் தலையோடு அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால், அதுவரை ஒழுகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே குறைந்தது. அதற்குப் பிறகு தட்டையான மெல்லிய காது வைத்த கண்ணாடி மட்டும்தான் வாங்குகிறேன்.

மூன்றாவதாக வாங்கியது எலெக்ட்ரானிக் மஃப். எட்டாயிரத்துக்கு மேல் ஆனது. வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். பேச்சுக் குரலைப் பெருக்கித் தரும். சுமார் 82-85 டெசிபலைத் தாண்டும் சத்தம் வந்தால் பெருக்குவதை நிறுத்திவிடும், அப்புறம் அது சாதாரண மஃப். என்.ஆர்.ஆர். 22-தான். பழைய தடியனை விடக் குறைவு. ஆனாலும் என் காதை அதிகம் காப்பாற்றியது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். சாதாரண மஃப் போட்டிருந்த காலத்தில் யாராவது வாயசைத்தால் ஒரு கிண்ணத்தைத் தூக்கி "என்ன சார்?" என்பேன். மூன்று லேன் தள்ளி ஒருவர் சரியாக அந்த நொடியில் சுடுவார். என் காதில் இரைச்சல் வந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான். எலெக்ட்ரானிக் மஃப் வந்தபின் ரேஞ்ச் ஆபீசரின் "ஸ்டாப்" தெளிவாகக் கேட்கிறது. இரண்டு மணி நேரம் கிண்ணத்தில் கை வைக்கத் தேவையே இல்லை.

குறைகளும் உண்டு. காற்றடித்தால் மைக் உறுமும். பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட் பிரித்தால் காதுக்குள் பிரிப்பதுபோல் இருக்கும். இரண்டு சின்ன பேட்டரி சில மாதம் வரும். அணைக்க மறந்தால் நான்கு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் வசதி என்னுடையதில் இருந்தது. சென்னை வியர்வையில் மூன்றாம் வருடம் ஒரு பக்க மைக் கரகரத்துச் செத்தது. மே மாதத்தில் எந்த மஃப்பும் காதோர அடுப்புதான். மெத்தைக்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டேன். குளுமையாக இருந்தது, சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தது. எடுத்துவிட்டேன்.

பெரிய அடி ஒரு போட்டியில் விழுந்தது. உபகரணச் சோதனை மேசையில் மஃப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போட முடியாதுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். சர்வதேச விதியில் காதுப் பாதுகாப்பு போடும்படி வலியுறுத்தியிருக்கிறார்கள், ஆனால் ஒலி வாங்கும் கருவி பொருத்திய எதையும் போட்டியாளர் போடக்கூடாது. வெளியிலிருந்து யாராவது காதில் ஓதிவிடலாம் அல்லவா. விதிப்புத்தகத்தைப் படிக்காமல் போனது என் தப்பு. பையின் அடியில் கிடந்த ஃபோம் ப்ளக்கால் ஒப்பேற்றினேன். அந்த வருடமே காதுக்குள் பசை ஊற்றி அச்செடுத்து ஒரு ஜோடி ப்ளக் செய்துகொண்டேன். போட்டிக்கு அதுதான். கன்னம் கட்டையில் தாராளமாக உட்காருகிறது. பத்துக் கிலோ எடை குறைத்தபோது அது தளர்ந்துபோய் மறுபடி அச்செடுக்க வேண்டியிருந்தது. உடம்பு இளைத்தால் காதும் இளைக்கும் போலிருக்கிறது.

கண்ணுக்கு வருகிறேன். 2019-இல் பாயிண்ட் 22 ரைபிளில் ஒரு தோட்டாவின் விளிம்பு கிழிந்தது. விளிம்பில் அடித்து வெடிக்கும் ரகம் என்பதால் பித்தளை அங்கே மெலிதாகத்தான் இருக்கும். வாயு பின்பக்கமாகச் சீறியது. வலது கன்னத்தில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரிச்சல். கண்ணாடியைக் கழற்றினால் வலது லென்ஸில் மூன்று புள்ளி குத்தியிருந்தது. அந்தக் கண்ணாடியை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். "எனக்கு மூக்குல தங்காது" என்று சொல்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

"அந்தத் துருக்கிக்காரர் ஒண்ணுமே போடாம மெடல் வாங்கினாரே" என்று கேட்பவர்கள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு பெருகிவிட்டார்கள். யூசுஃப் டிகெச் அன்று வெள்ளி வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில். அதில் வெடிமருந்து வெடிப்பதே இல்லை. அவர் சாதாரணக் கண்ணாடியும் காதில் ப்ளக்கும் போட்டிருந்தார், கால்சட்டைப் பையிலிருந்த ஒரு கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஏர் கன் என்றாலும் ஈயக் குண்டு கெட்டியான பரப்பில் பட்டால் திரும்பி வரும். அங்கேயும் நான் கண்ணாடி இல்லாமல் நிற்பதில்லை.

வாங்கும்போது கண்ணாடிச் சட்டத்தில் அமெரிக்கத் தரக்குறியான இசட் 87+ அல்லது ஐரோப்பியத் தரமான இ.என். 166-இன் எஃப் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கால் அங்குல எஃகுக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்க வேண்டும் என்பது மூக்குக்கண்ணாடிக்கான சோதனை. தெறித்து வரும் துணுக்குகளுக்கு அது போதும். நேரே வரும் தோட்டாவுக்கு எந்தக் கண்ணாடியும் பதில் இல்லை. லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். ரைபிள் போட்டிக்காரர்கள் போடும் ஒற்றை லென்ஸ் கம்பிச் சட்டம் பார்வைக்கான கருவி. பக்கவாட்டில் திறந்து கிடக்கும் அதைப் பாதுகாப்பு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

செமி ஆட்டோ பிஸ்டல் வரிசையில் நிற்பவர்கள் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து லேனிலிருந்து பறந்து வந்த சூடான காலித் தோட்டாக் கூடு ஒருமுறை என் புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கியது. கையில் தோட்டா ஏற்றிய பிஸ்டல். குழலை முன்னால் வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டுத்தான் கண்ணைத் தொட்டேன். சின்னக் கொப்புளம். தொப்பியின் முன்விளிம்பு மேலேயிருந்து விழுவதைத் தடுத்திருக்கும்.

லென்ஸில் ஆவி படியும் பிரச்சினைக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. ஏசி காரிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்துக்கு லென்ஸ் பால் கோவாதான். சட்டம் முகத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றால் காற்றோடும். ரொம்பத் தள்ளினால் மேலிருந்து கூடு விழும். இப்போது கண்ணாடியைக் காரில் ஏசிக்கு எதிரே வைக்காமல் பின்சீட்டுப் பையில் வைக்கிறேன், பாதிக்குக் குறைந்தது. துடைக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றி வெடிமருந்துத் தூளை இறக்குங்கள். சட்டை நுனியால் உலர்வாகத் துடைத்தே என் முதல் கண்ணாடியைக் கோலம் போட்டுவிட்டேன். அசிட்டோன், தின்னர் எதுவும் பாலிகார்பனேட் பக்கம் போகக்கூடாது. நிறத்துக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம்: கூரைக்குக் கீழே தெளிவான லென்ஸ், வெயிலில் சாம்பல், மப்பு நாளில் மஞ்சள். தெளிவான பாலிகார்பனேட்டே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒன்று. எனக்குக் குழல் முனையில் இருக்கும் முன் குறி மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது பிஸ்டலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வெள்ளெழுத்து. கீழ்ப்பகுதியில் கிட்டப் பார்வைக்குப் பவர் வைத்த வீட்டு புரோக்ரெசிவ் கண்ணாடியில் முன் குறி தெளிவாகத் தெரிய மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினால் நிலை கெட்டது. கையை நீட்டி முன் குறி இருக்கும் தூரத்தை டேப்பால் அளந்து கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் பவர் வைத்து இசட் 87+ சட்டத்தில் ஒன்று செய்து வாங்கினேன். இலக்கு மங்கல், முன் குறி கத்தி மாதிரி. பிஸ்டலுக்கு அதுதான் வேண்டும்.

போன வருடம் மறுபடி ஆடியோகிராம் எடுத்தேன். பள்ளம் அங்கேயே இருக்கிறது. 2017 தாளையும் புதிய தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கோடு ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று போனது. ஃபேன் ஓடாத இரவில் இடது காதில் சில்வண்டு லேசாகக் கேட்கும், அது என்னோடுதான் இருக்கும் போல.

இப்போது மஃப் மெத்தைகளைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். வியர்வை பட்டுப் பட்டு அவை அப்பளம் மாதிரி விறைத்துவிடுகின்றன; விறைத்தால் ஒழுகும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். மாற்றிய தேதியைக் கிண்ணத்துக்குள் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று பார்த்தால் இரண்டு மாதம் தாண்டியிருக்கிறது. புது ஜோடிக்கு ஆர்டர் போட்டாயிற்று. வரும்வரை உள்ளே ஃபோம் ப்ளக்கும் சேர்த்துத்தான்.