டெய்லர்மேட் பி790 (2017): வழக்கில் சிக்கிய கோல்ஃப் அயர்னை (உலோகத் தலை மட்டையை) இன்று வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் செகண்ட் ஹேண்டில் எடுக்கும்போது மட்டையின் தலைக்குள் இருப்பதைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். போட்டியாளரான பிஎக்ஸ்ஜி நிறுவனம் டெய்லர்மேட் மீது காப்புரிமை வழக்குப் போட்டதே அந்த உள்பகுதிக்காகத்தான்.

தலையின் உடல் 8620 கார்பன் ஸ்டீல். பந்தில் படும் தகடான முகம் 4140 ஸ்டீல், தடிமன் வெறும் 1.75 மி.மீ., அதன் பின்னால் வெற்றிடம். அப்படியே விட்டால் பந்து பட்டதும் தகர டப்பா சத்தம் வரும், கையிலும் அதிரும். அதனால் டோ பக்கத் (தலையின் வெளி நுனி) துளை வழியாக 'ஸ்பீட்ஃபோம்' என்ற பாலியூரித்தேன் நுரையைச் செலுத்தி, திருகால் அடைத்திருக்கிறார்கள். முகம் வளைந்து மீள்வதை நுரை பெரிதாகத் தடுக்காது, அதிர்வை வாங்கிக்கொள்ளும். தூரத்தைத் தருவது மெல்லிய முகமும் கம்மியான லாஃப்டும் (முகத்தின் சாய்வுக் கோணம்)தான்.

பிஎக்ஸ்ஜியின் 0311 அயர்னிலும் இதே ஏற்பாடு: 1.5 மி.மீ. மாரேஜிங் ஸ்டீல் (மிக வலுவான எஃகு) முகம், உள்ளே தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற பாலிமர். நிரப்பும் பொருள் வேறுதானே என்று கேட்கலாம். காப்புரிமையின் கோரிக்கை வாசகம் 'பாலிமர்' என்று அகலமாக இருந்தால், ரசாயனத்தை மாற்றினால் மட்டும் தப்பிவிட முடியாது. 2017 செப்டம்பரில் அரிசோனா ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. விற்பனைக்கு உடனடித் தடை கேட்ட மனு தள்ளுபடியானது. 2019 ஜனவரியில் ஒருவர் காப்புரிமையை மற்றவரும் பயன்படுத்தலாம் என்று சமரசமானார்கள். வாங்குபவருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை.

உண்மையான ஆபத்து ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) மாற்றிய செட்டில் இருக்கிறது. தண்டை ஒட்டும் எப்பாக்ஸிப் பசையை இளக்கச் சூடு காட்டும்போது ஹோசலை (தண்டு நுழையும் குழாய்ப் பகுதி) விட்டுத் தீ முகத்துப் பக்கம் போனால் உள்ளே நுரை சுருங்கி, தகட்டை விட்டுப் பிரியும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஒவ்வொரு அயர்னின் முகத்திலும் பந்தைத் தட்டிக் கேளுங்கள். ஒன்று மட்டும் கணீரென்று ஒலித்தால் அதை ஒதுக்குங்கள். குலுக்கினால் கலகலவென்றால் பெரும்பாலும் ஹோசலில் உதிர்ந்த எப்பாக்ஸித் துணுக்காக இருக்கும், சரிசெய்துவிடலாம். டோ திருகின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். அந்த செட் வேண்டவே வேண்டாம்.

லாஃப்டையும் கவனியுங்கள்: 7 அயர்ன் 30.5 டிகிரி, குறுகிய தூர அடிகளுக்கான பிட்சிங் வெட்ஜ் 45. பையில் மணற்குழி அடிக்கான 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் இருந்தால், நடுவில் 11 டிகிரி இடைவெளி விழும். 50 டிகிரி வெட்ஜ் ஒன்றுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.