லினக்ஸ் மெமரி கார்டு, விண்டோஸ் கணினி: படிக்க ஒரு வழி, எழுத வேறு வழி

கார்டை ரீடரில் செருகியதும் விண்டோஸ் இரண்டு டிரைவ் எழுத்துகளைக் காட்டுகிறது. ஒன்று திறக்கிறது. ராஸ்பெரி பை (லினக்ஸில் ஓடும் சிறு கணினி) கார்டு என்றால் அதற்குள் பூட் சம்பந்தப்பட்ட சில கோப்புகள் இருக்கும். இன்னொன்றைத் தொட்டதும், சில சமயம் தொடாமலே, "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி எழுகிறது. ரத்து செய்யுங்கள். கார்டு கெட்டுப்போகவில்லை. அந்த இரண்டாவது பார்ட்டிஷன் (கார்டைப் பிரித்த பகுதி) எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் இருக்கிறது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாததால் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டுக்கு முன்பு, கழற்றக்கூடிய கார்டுகளில் முதல் பார்ட்டிஷன் மட்டுமே தெரியும், இரண்டாவது கண்ணுக்கே படாது. இப்போது எல்லாம் தெரிவதால் இந்த ஆபத்தான கேள்வியும் கூடவே வருகிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: கார்டிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமா, கார்டில் எதையாவது மாற்ற வேண்டுமா? இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பட்டியல்கள் இந்த இரண்டையும் ஒரே குடத்தில் போட்டுக் கலக்கிவிடுகின்றன. எடுப்பதற்கு ஏறக்குறைய எந்தக் கருவியும் போதும். மாற்றுவதற்கு என் கணக்கில் ஒரே விதிதான்: எக்ஸ்ட்4-இல் எழுதும் வேலையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடமே விட வேண்டும்.

எதுவும் நிறுவாமலே முடிகிற வேலைகளும் இருக்கின்றன. ராஸ்பெரி பை கார்டின் முதல் பார்ட்டிஷன் ஃபேட்32. அதை நோட்பேடிலேயே திருத்தலாம். நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் இயங்க வேண்டுமென்றால் 'எஸ்எஸ்எச்' என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு காலிக் கோப்பை அங்கே வைத்தால் போதும். திரை அமைப்பு, வன்பொருள் அமைப்பு எல்லாம் கான்ஃபிக் கோப்பில். 2022 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் 'பை' என்ற இயல்பான பயனர் கிடையாது. யூசர்கான்ஃப் என்ற கோப்பில் பெயரும் குறியாக்கம் செய்த கடவுச்சொல்லும் கொடுத்தால் முதல் பூட்டில் பயனரை உருவாக்கிக்கொள்ளும். கடவுச்சொல்லை மறந்தவர்கள் சிஎம்டிலைன் கோப்பின் கடைசியில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லை நேரடியாகத் தொடங்கச் சொல்லும் இனிட் கட்டளையைச் சேர்த்து, பையில் திரையும் கீபோர்டும் இணைத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். அந்தக் கோப்பில் எல்லாமே ஒரே வரியில் இருக்க வேண்டும். புது வரி தொடங்கினால் அதற்குப் பிறகு இருப்பதை பை படிக்காது. ஒரு எச்சரிக்கை: வைஃபை விவரத்தை ஒரு கோப்பாக இதே பார்ட்டிஷனில் போடும் பழைய வித்தை 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து வேலை செய்வதில்லை. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

கார்டு இருக்கும் சாதனம் இன்னும் பூட் ஆகிறது, நெட்வொர்க்கில் இருக்கிறது என்றால் கார்டைக் கழற்றவே வேண்டாம். எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளைக் கையாளும் வின்எஸ்சிபி போன்ற ஒன்றால் உள்ளே போய் மாற்றுங்கள். இதற்கு நிகரான வழி எதுவும் இல்லை.

சாதனம் பூட் ஆகாதபோதுதான் சிக்கல்.

முதலில் படிப்பது மட்டும். டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் என்ற இலவச மென்பொருள் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைத் திறந்து காட்டும். வேண்டிய கோப்பை விண்டோஸ் பக்கம் சேமித்துக்கொள்ளலாம். அதனால் கார்டில் எழுத முடியாது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் பெரிய பலம். ஒரே பிரதியாக இருக்கும் தரவின் மேல் தவறுதலாகக் கூட எழுத முடியாத கருவி என்றால் நிம்மதியாக உட்கார்ந்து தேடலாம். கார்டு முழுவதையும் ஏற்கெனவே இமேஜாக (ஒரே கோப்பில் முழு நகலாக) எடுத்து வைத்திருப்பவர்களுக்கு 7-ஜிப் போதும். இமேஜ் கோப்பைத் திறந்தால் பார்ட்டிஷன்கள் தெரியும், எக்ஸ்ட் பார்ட்டிஷனுக்குள்ளும் போகலாம். மைக்ரோ எஸ்டி கார்டை முழு அளவு எஸ்டி அடாப்டரில் போட்டுச் செருகுபவர்கள் அதன் பக்கவாட்டில் உள்ள பூட்டுச் சுவிட்சைக் கீழே தள்ளிவிடுங்கள். அந்தச் சுவிட்சை மதிப்பதும் மதிக்காததும் ரீடரின் கையில் இருக்கிறது. மதிக்கும் ரீடரில் ஃபார்மேட் பெட்டியில் கை தவறினாலும் கார்டு பிழைக்கும்.

படிக்கும் கருவிகளில் ஒரு நுணுக்கம். மின்சாரம் திடீரென்று போய்ப் படுத்த கார்டில், கடைசி நேர மாற்றங்கள் ஜர்னல் என்ற பகுதியில் தங்கியிருக்கலாம். லினக்ஸ் கார்டை மவுண்ட் செய்யும்போது (பயன்பாட்டுக்குத் திறக்கும்போது) அந்த ஜர்னலைப் படித்து நிலைமையைச் சரிசெய்யும். எழுதாத கருவி கார்டில் அதைச் செய்ய முடியாது. அதனால் கடைசியாக எழுதிய கோப்பு காணவில்லை என்றோ, பழைய உள்ளடக்கம் தெரிகிறது என்றோ இருந்தால், தரவு போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்தது எழுதுவது. இங்கே பலரும் முதலில் தேடிப் போவது விண்டோஸுக்குள் எக்ஸ்ட்4-ஐ சாதாரண டிரைவ் போலக் காட்டும் டிரைவர்களை. எக்ஸ்ட்2எஃப்எஸ்டி இவற்றில் பழையது, இலவசம், திறந்த மூலம். பாராகன் நிறுவனத்தின் லினக்ஸ் கோப்பு முறை மென்பொருள் காசு கொடுத்து வாங்குவது, தொடர்ந்து பராமரிக்கப்படுவது. வசதியைப் பொறுத்தவரை இவற்றை வெல்ல வேறு வழி இல்லை: எக்ஸ்ப்ளோரரில் திறக்கிறது, இழுத்துப் போட்டால் போகிறது.

ஆனால் எக்ஸ்ட்4 ஒரே இடத்தில் நிற்கும் வடிவம் இல்லை. 2008-இல் கெர்னல் 2.6.28-இல் நிலையானது என்று அறிவிக்கப்பட்ட பிறகும் அதில் அம்சங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2016-இல் எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.43 வந்தபோது 64-பிட் முகவரியும் மெட்டாடேட்டா செக்சம்மும் (கோப்பு முறையின் உள் விவரங்கள் கெடவில்லையா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) புதிதாக உருவாக்கும் கோப்பு முறைகளில் இயல்பாகவே இயங்கத் தொடங்கின. 2023-இல் 1.47 இன்னும் இரண்டைச் சேர்த்தது. பழைய டிரைவர் இவற்றைப் புரிந்துகொள்ளாவிட்டால் திறக்கவோ எழுதவோ மறுக்கும். அது நல்ல விளைவு. அரைகுறையாகப் புரிந்துகொண்டு செக்சம்மைப் புதுப்பிக்காமல் எழுதினால், அடுத்த முறை லினக்ஸ் அதைக் கோளாறு என்று பிடிக்கும். எக்ஸ்ட்2எஃப்எஸ்டியின் 0.68-உம் அதற்கு முந்தையவையும் தரவைச் சேதப்படுத்தக்கூடும் என்று அந்தத் திட்டத்தாரே எச்சரித்திருக்கிறார்கள். பதிவிறக்கத் தளங்களில் அந்தப் பழைய பதிப்புகள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள்.

டிரைவர் சரியாக எழுதினாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. லினக்ஸ் கோப்புக்கு உரிமையாளர், குழு, அனுமதி என்ற மூன்றும் உண்டு. எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்ட கோப்புக்கு அவை எப்படி அமையும் என்பது டிரைவரின் அமைப்பைப் பொறுத்தது. எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை இப்படிப் போட்டு, அது பிறரும் எழுதக்கூடிய அனுமதியோடு அமைந்துவிட்டால், எஸ்எஸ்எச் சர்வர் அதை நம்ப மறுத்து உள்ளே விடாது. கோப்பு இருக்கிறது, சாவி சரி, கதவு மட்டும் திறக்காது.

என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது வேறொன்று. ஒரு தொடக்க ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரியை விண்டோஸ் எடிட்டரில் திருத்தினேன். கார்டு பூட் ஆனது, ஸ்கிரிப்ட் மட்டும் ஓடவில்லை. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன், தவறே இல்லை. கடைசியில் பார்த்தால் எடிட்டர் கோப்பு முழுவதன் வரி முடிவுகளையும் விண்டோஸ் முறைக்கு மாற்றியிருந்தது. ஷெல்லின் பெயரைச் சொல்லும் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டதால், அந்தப் பெயரில் ஒரு ஷெல்லை லினக்ஸ் தேடிக் காணாமல் நின்றுவிட்டது. 2018-க்குப் பிந்தைய நோட்பேட் லினக்ஸ் வரி முடிவை அப்படியே விட்டுவைக்கும். மற்ற எடிட்டர்களில் லினக்ஸ் வரி முடிவான எல்எஃப் என்ற தேர்வு இருக்கிறதா என்று சேமிக்கும் முன் பாருங்கள்.

சரி, கெர்னலிடம் விடுவது எப்படி? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 உள்ளே உண்மையான லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது, அதனால் பலரும் நினைப்பது அதன் மவுண்ட் கட்டளையை. முழு டிஸ்க்கை லினக்ஸிடம் ஒப்படைக்கும் அருமையான கட்டளைதான். ஆனால் யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவையும் எஸ்டி கார்டு ரீடரையும் அது ஏற்காது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. நமக்கு வேண்டியது சரியாக அந்த இரண்டும்தான்! இதைச் சொல்லாமலே அந்தக் கட்டளையைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் ஏராளம்.

சுற்று வழி யூஎஸ்பிஐபிடி-வின். ரீடரை யூஎஸ்பி கருவியாகவே டபிள்யூஎஸ்எல்லுக்குள் அனுப்பும் இலவச மென்பொருள்: ஒருமுறை அட்மின் அனுமதியோடு பைண்ட் கட்டளை, பிறகு அட்டாச் கட்டளை. டபிள்யூஎஸ்எல்லின் 5.15 வரிசை கெர்னல்களில் யூஎஸ்பி சேமிப்புக்கான டிரைவரே சேர்க்கப்படவில்லை, கெர்னலை நாமே கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. உங்களிடம் இருப்பதில் அந்த டிரைவர் மாட்யூல் ஏறுகிறதா என்று மாட்புரோப் கட்டளையால் முதலில் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் ரீடர் யூஎஸ்பி அல்லாமல் பிசிஐ வழியாக இணைந்திருந்தால் இந்த வழிக்கு அது தெரியவே தெரியாது. தனி யூஎஸ்பி ரீடர் வேண்டும்.

அதே தனி ரீடர் இருந்தால் விண்டோஸுக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு சிறிய லினக்ஸை வைத்துக்கொண்டு, யூஎஸ்பி பட்டியலில் ரீடரைத் தேர்ந்தெடுப்பது எனக்கு இன்னும் எளிதாகப் படுகிறது. தேர்ந்தெடுத்த கணமே விண்டோஸ் கையை விட்டுவிடுகிறது, விருந்தினராக உள்ளே ஓடும் லினக்ஸ் வாங்கிக்கொள்கிறது. அடிக்கடி கார்டைத் திருத்துபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். யூஎஸ்பியிலிருந்து லினக்ஸை நேரடியாக பூட் செய்வதும் அதே அளவு பாதுகாப்பானது, உள் ரீடரையும் ஏற்கும். அதற்காக செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும்) அமைப்பில் கை வைத்தால் விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எப்போதாவது ஒருமுறை திருத்துபவர்களுக்கு நான் சொல்வது வேறு, அது அதிகம் பேசப்படாத வழி: கார்டைத் தொடாமல் அதன் நகலைத் திருத்துவது. வின்32 டிஸ்க் இமேஜரால் கார்டை முழுவதுமாக ஒரு இமேஜ் கோப்பாகப் படித்துக்கொள்ளுங்கள். அதை டபிள்யூஎஸ்எல் 2-இன் சொந்தக் கோப்புறைக்குள் நகர்த்துங்கள். விண்டோஸ் டிரைவில் விட்டால் வேகம் வெகுவாகக் குறையும். பிறகு லாஸ்செட்டப் கட்டளை அந்தக் கோப்பையே ஒரு டிஸ்க்காகக் காட்டும், இரண்டாவது பார்ட்டிஷனை மவுண்ட் செய்து சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) நானோ என்ற எடிட்டரில் திருத்தலாம். எக்ஸ்ப்ளோரர் வழியாகப் போனால் ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தமான கோப்புகளில் எழுத விடாது, அதனால் டெர்மினலிலேயே இருங்கள். முடிந்ததும் அன்மவுண்ட் செய்து, கோப்பு முறையைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்செக் ஒருமுறை ஓட்டி, இமேஜைத் திரும்பக் கார்டில் எழுத வேண்டியதுதான். யூஎஸ்பி டிரைவர் பிரச்சினை இல்லை, ரீடர் எது என்ற கவலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இமேஜை இன்னொரு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்தால் திருத்தம் தவறினாலும் பழைய நிலை கையில் இருக்கிறது.

விலை நேரமும் இடமும். 32 ஜிபி கார்டை நொடிக்கு 40 எம்பி வேகத்தில் படிக்க 13 நிமிடம் ஆகும், 20 எம்பி என்றால் 27 நிமிடம். எழுதுவதற்கு மறுபடியும் ஒருமுறை. டிஸ்க்கிலும் கார்டின் முழு அளவு காலியாக இருக்க வேண்டும், உள்ளே 4 ஜிபிதான் இருந்தாலும் சரி. வேறொரு கார்டில் எழுதுபவர்கள் கவனிக்க: இரண்டிலும் 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் அளவில் சிறு வித்தியாசம் இருக்கும், புதியது கொஞ்சம் சிறியதாக இருந்தால் இமேஜ் ஏறாது. பைஷ்ரிங்க் என்ற ஸ்கிரிப்டால் இமேஜைச் சுருக்கிவிட்டு எழுதலாம்.

இவற்றில் எதற்கும் மசியாத ஒரு கார்டும் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் உள் சேமிப்பாக மாற்றிய கார்டு அது. ஆண்ட்ராய்டு 6.0 முதல் இந்த வசதி இருக்கிறது. அப்படி மாற்றும்போது கார்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டு, சாவி அந்தப் போனிலேயே தங்கிவிடுகிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். அதன் தரவு வேண்டுமானால் அந்தப் போனில் செருகி, போனை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து எடுங்கள். போனை ரீசெட் செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.