குறிப்பு விற்கும் எஸ்கேப் ரூம் விளையாட்டு: பணம் கட்டும் முன் படியுங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் கைப்பேசியில் எஸ்கேப் ரூம் விளையாட்டு, அதாவது புதிர்களை விடுவித்துப் பூட்டிய அறைகளிலிருந்து தப்பிக்கும் விளையாட்டு, இறக்கித் தருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளையாட்டின் பெயரை இங்கே போடவில்லை. வாரச் சந்தாவுக்கு விடை விற்கிற எதுவாக இருந்தாலும் கவனமாக இருங்கள்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் அக்கா மகளும் நானும் சேர்ந்து விளையாடினோம். முதல் அறை இலவசம், மீதி அறைகளுக்கு 8 வெள்ளி 98 காசு. ஆரம்ப அறைகள் உண்மையிலேயே அருமை. ஒரு பியானோ இருந்தது; எந்தக் கட்டைகள் அதிகம் தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து அவற்றை மட்டும் அழுத்தினால் இழுப்பறை திறக்கும். அதில் வெகுநேரம் மாட்டிக்கொண்டு தவித்தோம். அவள் கண்டுபிடித்ததும் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல புதிரில் விடைக்கு வேண்டியதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். அதனால் மாட்டிக்கொள்வதே ஒரு சுகம்.

அடுத்த அறையில் ஒரு கடிதம், டிசம்பர் 5 என்று தேதி. பக்கத்தில் நாலு இலக்கப் பூட்டு. நம் வழக்கப்படி 0512 போட்டோம், திறக்கவில்லை. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து 1205 போட்டோம், அதுவும் இல்லை. “மாமா, வேற ஒண்ணுமே இல்ல இந்த ரூம்ல” என்றாள். சரி, குறிப்பு கேட்போம் என்று காசு கொடுத்து வாங்கினோம். ‘கடிதத்தை மீண்டும் பார்’ என்று வந்தது. அடுத்த குறிப்பும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னது. அப்புறம் ‘விடையைக் காட்டு’ என்று பெரிய பச்சைப் பொத்தான். மூன்று நாள் இலவசம், பிறகு வாரத்துக்கு 6 வெள்ளி 98 காசு என்ற விவரம் அதன் கீழே வெளிர்சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

காட்டிய விடை 1205. நாங்கள் ஏற்கெனவே போட்ட அதே எண்.

கடிதத்தை எடுக்கும் முன் மேசை விளக்கை அணைத்தவர்களுக்கு அந்தப் பூட்டு வேலையே செய்யாது என்று, ஒற்றை நட்சத்திர விமர்சனங்களில் பலர் மாதக்கணக்காக எழுதி வருகிறார்கள். விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்வதால் பின்னால் போகவும் வழியில்லை. பூட்டைச் சரிசெய்யாமல் அதற்கான விடையை மட்டும் விற்றுக்கொண்டே இருப்பதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. புகார் எழுதினேன். செயலியை அழித்து மறுபடி இறக்குங்கள் என்று தானியங்கிப் பதில் வந்தது. அப்படிச் செய்தால் கடந்துவந்த அறைகள் எல்லாம் போய்விடும்!

குறிப்பு தருவது தப்பில்லை. 2012-இல் வந்த ‘த ரூம்’ விளையாட்டில் மாட்டிக்கொண்டால் சற்று நேரத்தில் ஒரு கேள்விக்குறி தோன்றும். முதலில் லேசாகக் கோடி காட்டும், பிறகு கொஞ்சம் தெளிவாகச் சொல்லும். அதற்குத் தனிக் காசு கிடையாது.

எங்கள் கதையில், வெறுத்துப்போய் அவள் செயலியை நீக்கிய பிறகும் அக்காவின் அட்டையில் பணம் பிடிக்கப்பட்டது. வங்கிக் குறுஞ்செய்தி வந்துதான் தெரிந்தது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தட்டினால் சந்தாக்கள் வரும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பணம் செலுத்தும் பகுதிக்குள் பாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். கூகுளிடம் நேரடியாகக் கேட்பதற்குப் பொதுவாக 48 மணி நேரம்தான், அதன் பிறகு விளையாட்டை உருவாக்கியவர்களிடம் போகச் சொல்வார்கள். பிடித்த பணம் அக்காவுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.