கடலோரத்தில் சென்ட்ரல் ஏசி போடுகிறவர்கள் கவனத்துக்கு: கொட்டேஷனில் நாங்கள் பார்க்காமல் விட்டது

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன கல்யாண மஹால் இருக்கிறது. ஹால் மட்டும் 2,000 சதுர அடி. 2023 கடைசியில் அதற்கு டக்ட் (சீலிங்குக்கு மேல் ஓடும் தகட்டுக் குழாய்) வழியாகக் காற்று வரும் சென்ட்ரல் ஏசி போட்டோம். ஒன்றரை வருஷத்துக்குள் மேற்கொண்டு மூன்றே முக்கால் லட்சம் போய்விட்டது. கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் மஹாலோ லாட்ஜோ கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூவருமே இரண்டு 8.5 டன் மெஷின்தான் சொன்னார்கள். தொகை 12.80 லட்சம், 13.25 லட்சம், 9.40 லட்சம். முதல் இருவர் நேரில் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். எத்தனை பேர் உட்காருவார்கள், மேற்குச் சுவரில் எவ்வளவு நேரம் வெயில் அடிக்கும் என்றெல்லாம் கேட்டார்கள். மூன்றாமவர் போனிலேயே சதுர அடியைக் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பினார். ‘டக்ட், இன்சுலேஷன், பைப் வேலை மொத்தமாக’ என்று ஒரே வரி. மற்ற இருவர் கொடுத்தது நாலு நாலு பக்கம்: டக்ட் தகட்டின் கனம் 24 கேஜ், டக்ட்டைச் சுற்றி ஒட்டும் நைட்ரைல் ரப்பர் 19 மில்லிமீட்டர், வெளி யூனிட் காயிலுக்கு (செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த பகுதி) உப்புக்காற்று தாங்கும் கோட்டிங் தனித் தொகை. இதையெல்லாம் எழுதிக் காசு பிடுங்குகிறார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். மூன்றாமவருக்கே வேலையைக் கொடுத்தோம்.

கோட்டிங் பற்றி நான் கேட்காமல் இல்லை. மெஷின் வந்து இறங்கிய அன்று அவர் வெளி யூனிட்டின் நீலத் தகடுகளைக் காட்டி, "அண்ணே, இந்த நீலம்தான் கோட்டிங். கம்பெனியிலேயே போட்டு வந்துரும், கவலையே படாதீங்க" என்றார். அந்த நீலம் மெல்லிய பூச்சு. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊருக்கு அது போதும். இங்கே வாடை அடித்தால் வடகடல் உப்பு, ஆடிக் காற்றில் தென்கடல் உப்பு. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், பேட்டரிக்குள் நடப்பது போலவே நடந்து அலுமினியம் கரைந்து போகும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்த நிலைமை என்றால் காகிதம் போன்ற தகடு எந்த மூலை?

முதலில் தெரிந்தது சொட்டுத் தண்ணீர்தான். ஆவணி முகூர்த்தம், ஹால் நிறைய ஆட்கள். தாலி கட்டி முடித்த கையோடு சீலிங் கிரில்லில் இருந்து மணமேடையில் தண்ணீர் சொட்டியது. பெண்ணின் அத்தை தோளில் பட்டுச் சேலை முழுக்க ஈரம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறுநாள் வேறு மெக்கானிக்கை வைத்து சீலிங்கைத் திறந்தோம். ரப்பர் 9 மில்லிமீட்டர்தான், ஜாயின்ட்டுகளில் டேப்பே கிடையாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பது போல டக்ட் முழுக்க வேர்த்திருந்தது. தகடும் 26 கேஜ். (கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். 26 உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள்.)

பதினாலாவது மாதம் குளிர்ச்சியே இல்லை. மொட்டைமாடியில் வெளி யூனிட்டைக் கழற்றிய மெக்கானிக், "தொட்டுப் பாருங்கண்ணே" என்றார். தொட்டேன். தகடு அப்பளமாக நொறுங்கி விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. கேஸ் முழுக்கக் கசிந்திருந்தது. வாரன்டி அட்டையை எடுத்துப் பார்த்தால், உப்பு அரிப்புக்கு வாரன்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. போட்டவருக்கு 90 சதவீதம் பணத்தை மெஷின் ஓடும் முன்பே கொடுத்தாயிற்று. இப்போது போனை எடுப்பதில்லை.

கோட்டிங் செய்த புதுக் காயில், டக்ட் முழுக்கப் புது ரப்பர், கேஸ், கூலி. அந்த மூன்றே முக்கால் லட்சத்தின் கணக்கு இதுதான். 12.80-க்கும் 9.40-க்கும் உள்ள வித்தியாசத்தை விட அதிகம்.

உங்களிடம் இப்போது கொட்டேஷன் இருந்தால், கோட்டிங் பெயர், ரப்பர் கனம், தகடு கேஜ் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சீலிங் மூடும் முன், கசிவு இருக்கிறதா என்று பார்க்க கேஸ் பைப்பில் நைட்ரஜன் ஏற்றி 24 மணி நேரம் பிரஷர் இறங்காமல் நிற்பதை நீங்களே மீட்டரில் பாருங்கள். எங்கள் வேலையில் அந்தச் சோதனையே நடக்கவில்லை. கடைசி 20 சதவீதத்தை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓடிய பிறகு தருவதாகப் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள். கோட்டிங் போட்டாலும் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவ வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது.

பழைய காயிலை எடைக்குப் போடவில்லை, மஹாலுக்குப் பின்னால் ஷெட்டில் வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.