சுவிப்ட் பீட்டிலுக்கு டெயின் ஸ்பிரிங்: திருகோணமலை றோட்டில் ஓடிப் பார்த்த பிறகு

வாகனம் 2006 சுசுக்கி சுவிப்ட், எங்கள் ஊரில் பீட்டில் என்று சொல்கிற மொடல், 1.3 லீற்றர். போட்டது காரின் உயரத்தைக் குறைக்கிற டெயின் எஸ்.டெக் ஸ்பிரிங் நாலு, கயாபா ஷொக் அப்சோர்பர் நாலு, ஷொக் கடைசிவரை அமுங்கி இடிபடாமல் தாங்குகிற பம்ப் ஸ்டொப் றப்பர் புதிது. வேலை முழுவதும் உப்புவெளியில் எங்கள் வீட்டு போட்டிக்கோவில் நானும் மச்சானும் செய்தது. கார் இப்போது ஓடுகிற விதத்தில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ஷொக்கை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு இதை அப்படியே சிபாரிசு செய்யமாட்டேன்.

பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் நாலு விரல் தாராளமாகப் போகும். பார்வைக்கு அது எனக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் வேலையைத் தொடங்க வைத்தது முன் ஷொக் இரண்டிலும் ஒயில் கசிந்து தூசி அப்பிக்கிடந்தது. ஷொக் மாற்ற எப்படியும் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஒரே கழற்றலில் இரண்டு வேலையையும் முடிக்கலாம் என்று தீர்மானித்தேன்.

காரை இறக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே ஊரில் கிடைக்கிற முதல் ஆலோசனை: “இருக்கிற ஸ்பிரிங்கில ஒரு சுத்து வெட்டிவிடு தம்பி, காசும் மிச்சம்.” அன்பாகத்தான் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கம்பியின் தடிப்பும் வளையத்தின் அகலமும் மாறாதவரை, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். வேலை செய்கிற சுற்று ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த இறுக்கத்துக்குப் பழைய ஷொக் ஈடு கொடுக்காது. அதைவிட மோசமான விஷயம் வெட்டிய முனை. கம்பனி ஸ்பிரிங்கின் நுனி, கீழே இருக்கிற தட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். வெட்டினது அப்படி உட்காராது. றோட்டுப் பள்ளத்தில் சில்லு முழுவதாகத் தொங்கும்போது நீளம் போதாமல் ஸ்பிரிங் தளர்ந்து, இருந்த இடத்தைவிட்டு நகரும். காஸ் லைற்றால் சூடாக்கி ஸ்பிரிங்கை அமர்த்துகிற பழக்கமும் இருக்கிறது. சூடு பட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். பிறகு அது எப்போது, எந்த றோட்டில் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற வாகனத்துக்கு இந்த வேலை வேண்டாம்.

டெயின் 1985இல் யோக்கோகாமாவில் தொடங்கிய ஜப்பான் கம்பனி, சஸ்பென்ஷன்தான் அவர்களுடைய தொழில். பச்சை நிறத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். நான் எடுத்தது புதிதல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தையில், ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றி வந்த செட். புது விலையில் பாதிகூட இல்லை. பழைய ஸ்பிரிங் வாங்குவதில் பயப்பட ஒன்றுமில்லை, பார்த்து வாங்கத் தெரிந்தால். நாலிலும் அச்சடித்திருக்கிற இலக்கம் உங்கள் மொடலுக்கு உரியதா என்று முதலில் பாருங்கள். முன் ஸ்பிரிங் இரண்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பாருங்கள், பின்னதையும் அப்படியே. பெயின்ற் உரிந்திருந்தால் பரவாயில்லை. கம்பியில் குழி குழியாகக் கறள் தின்றிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், அந்தக் குழியிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். என்னுடையதில் கீழ்ச் சுற்றில் மட்டும் பெயின்ற் போயிருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமரும் பெயின்றும் அடித்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்டினேன். கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு இது அவசியம்.

ஆடி மாதம், கச்சான் காற்று. பத்து மணிக்குப் பிறகு வெளியில் நின்று ஸ்பானர் பிடிக்க முடியாது, இரும்பு சுடும். அதனால் விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டோம். எங்கள் பக்கத்து நிலம் மணல். வளவில் ஜக் வைத்தால் புதையும், ஆகவே சீமெந்துத் தரைதான் சரி. தரை இருந்தும் ஜக் ஸ்டாண்டுக்குக் கீழே முதிரைப் பலகைத் துண்டு போட்டேன். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்குக் கீழே கையை விடக்கூடாது. கழற்றிய சில்லைப் படுத்தபடி சேசிசுக்குக் கீழே தள்ளி வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் கார் அதன்மேல்தான் விழும்.

உப்புக்காற்றில் போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கும் என்று தெரிந்ததால் முதல் நாள் பின்னேரமே எல்லா நட்டுக்கும் கறள் இளக்குகிற ஒயில் அடித்து ஊறவிட்டேன். காலையில் கம்பி பிரஷால் புரியைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஸ்பானரே வைத்தது. ஒரு போல்ட்கூட முறியவில்லை.

பின்பக்கம் இந்தக் காரில் சுகமான வேலை. பின் சில்லு இரண்டையும் இணைக்கிற பீமுக்குக் கீழே ஜக்கை வைத்துத் தாங்கி, இரண்டு ஷொக்கின் கீழ்ப் போல்ட்டையும் எடுத்து, பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புது ஸ்பிரிங்கின் நுனி, றப்பர் தட்டில் இருக்கிற படியில் முட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த பக்கத்தில் நுனி ஒரு விரல் அகலம் விலகியிருந்தது விரலுக்குத்தான் தெரிந்தது. திருப்பி வைத்தேன். இதைக் கவனிக்காமல் விட்டால் பள்ளத்தில் விழுகிற ஒவ்வொரு முறையும் “டிக்” என்று சத்தம் வரும், காரணம் தேடியே அலுத்துப்போவீர்கள்.

முன்பக்கம்தான் பயபக்தியோடு செய்ய வேண்டியது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டையும் ஷொக்கிலிருந்து விடுவித்து, வளைவில் கார் சரிவதைக் குறைக்கிற கம்பியின் ஸ்டெபிலைசர் லிங்கைக் கழற்றி, சில்லைத் தாங்குகிற நக்கிளில் இருக்கிற இரண்டு போல்ட்டையும் எடுத்தால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக முழுசாக வெளியே வரும். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கொம்பிரசர். தெரிந்த கராஜ்கார அண்ணனிடம் இரவல் வாங்கினேன். “இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மாட்டு, மாறி மாறித் திருப்பு, முகத்தை மேலே கொண்டுபோகாதே” என்று கையில் தரும்போதே சொன்னார். அதன் புரிக்கு கிரீஸ் பூசி, இந்தப் பக்கம் இரண்டு திருகு, அந்தப் பக்கம் இரண்டு திருகு என்று போனோம். கொக்கி சுற்றில் கடித்து இறுகும்போது ஒரு முனகல் வரும். மச்சான் ஒவ்வொரு முனகலுக்கும் ஓரடி தள்ளி நின்றான். தள்ளி நின்றது சரிதான். ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு விலகி, கையால் ஆட்டினால் ஆடுகிற நிலை வரும்வரை நடு நட்டைத் தொடவே கூடாது. அமுக்காத ஸ்பிரிங்கின் நட்டைக் கழற்றினால் மேல்தட்டு சன்னம்போலப் பறக்கும். புது ஸ்பிரிங் நீளம் குறைவு என்பதால் திருப்பிப் பூட்டுவது கழற்றினதைவிட லேசு.

வீட்டில் செய்கிற பலர் தவறவிடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். பின் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டைச் சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது. அதற்குள் றப்பர் புஷ் இருக்கிறது. தொங்கிய நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கிற நேரம் முழுவதும் அந்த றப்பர் முறுகியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும். சில்லைப் பூட்டி, காரை இறக்கி, அதன் பாரம் முழுவதும் சில்லில் நின்ற பிறகு இறுக்கத்தை அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர்க் காற்று கூடிக் குறைய அளவும் மாறும். சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்தேன். முன்னுக்கு 375 மில்லிமீற்றர் இருந்தது 343 ஆனது, பின்னுக்கு 378 இருந்தது 350. நாலு விரல் இடைவெளி இரண்டு விரலானது. கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகும் அளவு அநேகமாக இதேதான்.

அதன் பிறகு வீல் அலைன்மென்ட். இறக்கினால் சில்லு மேல்பக்கம் சற்று உள்ளே சாயும், சில்லுகள் முன்னுக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற டோ அளவும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓடினால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும்வரை உங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் பீம் என்பதால் அங்கே திருகுவதற்கு ஒன்றுமில்லை, அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஹெட்லைற்றின் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்தேன்.

இனி ஓட்டம். நான் முதலில் போனது கிண்ணியாப் பாலம். 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தது, பக்கக் காற்று எப்போதும் இருக்கும். முன்பு அந்தக் காற்றுக்கு ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இப்போது பிடித்த பிடியில் போகிறது. பாலத்தின் இணைப்புகளில் முன்பு ஒரு முறை ஏறி இரண்டு முறை ஆடும், இப்போது ஒரு தட்டு, அதோடு முடிந்தது. இந்த ஆட்டம் நிற்பது ஷொக்கின் வேலை, ஸ்பிரிங்கின் வேலையல்ல. ஒயில் கசிந்த அந்தப் பழைய ஷொக்கோடு இந்த ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால் துள்ளல்தான் மிஞ்சியிருக்கும்.

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் காபெட் றோட்டில் இரவில் போகிறவர்களுக்கு யானைப் பயம் தெரியும். சட்டென்று பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துவது நன்றாகக் குறைந்திருக்கிறது, நாலு சில்லும் தரையில் உட்கார்ந்து நிற்கிற உணர்வு. ஒரு டிரைவராக எனக்கு இந்தச் செட்டில் மிகவும் பிடித்தது இதுதான், அழகு இரண்டாவது.

கோணேஸ்வரத்துக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும்போது அப்பா முன் சீற்றில், அம்மாவும் சித்தியும் பின்னால். கீழே எங்கும் தட்டவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், சீற் தாழ்ந்ததால் ஏறி இறங்கச் சிரமம் என்று சொல்கிறார். 30 மில்லிமீற்றர் வயதானவர்களுக்குப் பெரிய வித்தியாசம், வாங்கும் முன் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சின்ன, கூரான பள்ளங்களில் முன்பைவிட இறுக்கம் தெரியும், அது இறக்கிய எந்தக் காருக்கும் உள்ளது. நிலாவெளிக் கடற்கரைக்கு இறங்குகிற மண் ஒழுங்கைகளில் ஐந்து பேரோடு போனால் வேகத்தை முழுவதுமாகக் குறைக்க வேண்டும். உயர்ந்த வேகத்தடைகளில் கொஞ்சம் சரித்து, ஒவ்வொரு சில்லாக ஏற்றினால் பம்பர் தப்பும்.

இதைவிட இறக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், எங்கள் றோட்டுக்கு வேண்டாம். இதற்கு மேல் இறங்கினால் ஷொக்குக்கு ஓட இடமில்லாமல் பம்ப் ஸ்டொப்பில்தான் கார் ஓடும்.

மாரி முடிந்ததும் நாலு சில்லையும் கழற்றி, ஸ்பிரிங் தட்டில் சேர்ந்த மண்ணையும் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவி, பெயின்ற் பெயர்ந்த இடத்தில் தொட்டு அடிக்கிறேன். கழற்றிய கம்பனி ஸ்பிரிங் நாலும் ஒயில் பூசிச் சாக்கில் கட்டி வீட்டில் இருக்கிறது. காரை விற்கிற காலம் வந்தால், வாங்குகிறவர் கேட்டால் நானே திருப்பிப் பூட்டிக் கொடுப்பேன்.