25 பவுண்டுக்கு ஒரு குடும்பப் பெயர்

டெப்போவில் எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார் என்று டிரைவர்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு பவுண்டு போட்டோம். பரிசு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. லீவு நாளில் யார்க் போனபோது ஒரு நினைவுப் பொருள் கடையில் இது கண்ணில் பட்டது. குடும்பப் பெயரைச் சொன்னால் அதன் பொருளையும் வரலாற்றையும் பழைய ஓலை மாதிரித் தாளில் அச்சடித்து, மேலே ஒரு குலச் சின்னமும் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டித் தருவார்கள். விலை 24.99 பவுண்டு.

அவர் குடும்பப் பெயர் கிர்க்பி. எழுத்தில்தான் அப்படி. நான் சேர்ந்த புதிதில் அடையாள அட்டையைப் பார்த்து அழுத்தம் திருத்தமாக "மிஸ்டர் கிர்க்பி" என்றேன். "நடுவில் இருக்கிற 'க்'கை விழுங்கிவிடு, கிர்பி" என்றார் சிரித்துக்கொண்டே. லிவர்பூல் பக்கத்தில் கிர்க்பி என்றே ஓர் ஊர் உண்டு. அதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கடைப் பையன் கணினியில் தேடினான். கிர்பி இருந்தது, கிர்க்பி இல்லை. எழுத்தை மாற்ற மூன்று பவுண்டு கூடுதல். சரி என்று கொடுத்தேன். தலைப்பில் மட்டும் மாற்றியிருக்கிறான், உள்ளே முழுக்கக் கிர்பி, கிர்பி. வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். தாளின் வலது மூலையில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். கடையில் மாட்டியிருந்த அத்தனை பெயர்களிலும் அதே இடத்தில் அதே கறைதான்! போன் செய்தால், பெயர் போட்டு அச்சடித்ததைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெயருக்குப் பொருள் சொன்னவரை குறையில்லை. 'கிர்க்' என்றால் தேவாலயம், 'பி' என்றால் ஊர். இரண்டும் வைக்கிங்குகளோடு வந்து குடியேறிய சொற்கள். விட்பி, கிரிம்ஸ்பி என்று ஊர்ப் பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பதும் அதே 'பி'தான். நம் வாயில் சொன்னால் கோவில்பட்டி.

அடுத்த வரியில்தான் சறுக்கல். "இக்குடும்பத்தின் பூர்வீகம் கிர்பி என்னும் ஊர்" என்று போட்டிருக்கிறது. எந்தக் கிர்பி? விர்ரலில் வெஸ்ட் கிர்பி, கம்ப்ரியாவில் கிர்க்பி லான்ஸ்டேல், கிர்க்பி ஸ்டீஃபன், இன்னும் எத்தனையோ. லெஸ்டர்ஷயரில் உள்ள கிர்பி மக்ஸ்லோவுக்கும் தேவாலயத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் அது 'கார்பி'. யாரோ ஓர் ஆளின் பெயரில் வந்த ஊர்.

அப்புறம், கிர்க்பியிலேயே குடியிருப்பவனை எவன் கிர்க்பிக்காரன் என்று கூப்பிடுவான்? பிழைப்புக்காக வேறு ஊர் போனவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். பிறகு அது பிள்ளைகளுக்கும் இறங்கி, 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு நிலையான பெயர் வந்துவிட்டது. ஆக, இரண்டு கிர்பிகள் சந்தித்தால் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. காமிக்ஸ் ஓவியர் ஜேக் கிர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் நியூயார்க்கில் பிறந்தபோது அவர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். கிர்பி அவராக வைத்துக்கொண்டது.

எனக்கு எரிச்சல் வந்தது அந்தக் குலச் சின்னத்தில்தான். சிங்கம், தலைக்கவசம், பட்டை பட்டையாக நிறம். ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் எதுவும் கிடையாது. அது தனி ஒருவருக்கு வழங்கப்படுவது, அவருடைய ஆண் வழி வாரிசுகளுக்குத்தான் போகும். இதைக் குலச் சின்னங்களை வழங்குகிற, லண்டனில் 1484 முதல் இருக்கிற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே தெளிவாகச் சொல்கிறது. எங்கள் சூப்பர்வைசரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சிங்கத்துக்கும் அவருக்கும் என்ன உறவு?

மரச் சட்டமும் கண்ணாடியும் நன்றாகவே இருக்கின்றன, அதற்காக ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதே சட்டத்தை வெறுமனே வாங்கி, கிர்க்பி ஊர் இருக்கிற பழைய வரைபடம் ஒன்றை உள்ளே வைத்திருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ்த்தளக் கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி, உள்ளே ஏழு இடத்திலும் நீல மையில் விடுபட்ட 'க்'கைச் செருகியிருக்கிறார்.