பிரபல் .32 ரிவால்வர்: தோட்டத்து வீட்டுக்கு வாங்கலாமா?

2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும் 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, ஊருக்கு வெளியே தனிச்சாளையில் குடியிருக்கும் குடும்பங்களில் ஒரு பேச்சு ஓடுகிறது: இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ரிவால்வர் வாங்கிவிட்டால் என்ன? அந்தப் பேச்சில் அடிபடும் பெயர்களில் ஒன்று பிரபல். கான்பூரில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா 2023 ஆகஸ்டில் வெளியிட்ட .32 ரிவால்வர் அது. கைத்துப்பாக்கியாகப் பார்த்தால் உருப்படியான சாமான்தான். ஆனால் தோட்டத்தையும் பொருளையும் காப்பதற்கென்று வாங்கினால் பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்து வராது. அதற்குக் காரணம் பாதி துப்பாக்கியில் இருக்கிறது, பாதி சட்டத்தில் இருக்கிறது.

குழல் நீளம் 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் 18 சென்டிமீட்டருக்குள், தோட்டா போடாத எடை 700 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 2014இல் வந்த நிர்பீக் என்ற .32 ரிவால்வரை நடுவில் மடித்துத் திறக்க வேண்டும். அந்த வகையில் மேலே இருக்கும் கொக்கி நாளாக ஆகத் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். பிரபலில் தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் வெளியே வருகிறது. துப்பாக்கியின் உடல் ஒரே துண்டாக இருப்பதால் உறுதி கூடுதல். இந்த வகையிலும் ஒரு தொல்லை உண்டு. குழல் குட்டை என்பதால் வெற்றுக்கூடுகளைத் தள்ளும் கம்பியும் குட்டை. மெதுவாகத் தள்ளினால் ஒரு கூடு பாதியில் நின்று, தள்ளும் நட்சத்திரத் தகடுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், உருளை மூடாது. துப்பாக்கியின் வாயை வானம் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்டினால் எல்லாம் விழுந்துவிடும். இதை வெளிச்சத்தில் பழகாதவர் இருட்டில் செய்ய மாட்டார்.

ஐம்பது மீட்டர் எட்டும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். தோட்டா எட்டலாம், குறி எட்டாது. மூன்று அங்குலக் குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி மிகக் குறைவு. கை நூலளவு அசைந்தாலும் இலக்கில் சாண் கணக்கில் விலகும். விசையை நேரடியாக இழுத்தால் இழுப்பு நீளமும் கனமும் அதிகம், வயதானவர் கையில் குழல் கீழே சாயும். துப்பாக்கியின் பின்புறச் சுத்தியலை முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்தால் விசை லேசாகும். நடுங்கும் கைக்கு அது அதைவிட ஆபத்து. வாசல் விளக்கு எரியாத இரவில், பழக்கமில்லாதவருக்கு ஏழெட்டு மீட்டருக்கு மேல் இதை நம்பக் கூடாது. கிணற்று மேட்டில் மோட்டார் வயரை அறுப்பவன் வீட்டிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி இருப்பான்.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பில் துரு ஏற்றிவிடும். லேசாக எண்ணெய் தடவித் துடைத்து, உறை இல்லாமல் பூட்டில் வைப்பதே நல்லது. எண்ணெய் தோட்டாவின் அடிப்பக்கம் இறங்கினால் பற்றவைக்கும் மருந்து கெட்டு, விசையை இழுக்கும்போது ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுபோகும். பயிற்சியின்போது அப்படி ஆனால் உடனே உருளையைத் திறக்கக் கூடாது. குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி அரை நிமிடம் பொறுக்க வேண்டும். சில தோட்டா தாமதித்து வெடிக்கும். பயிற்சியை ரைஃபிள் கிளப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் தேங்காயை வைத்துச் சுட்டுப் பழகும்போது அக்கம்பக்கத்தார் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி ஆனால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி ‘மறைத்து வைத்துக்கொள்ளலாமா’ என்ற கேள்வி. நம் நாட்டில் இதற்குத் தனி அனுமதிச் சீட்டு கிடையாது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் உள்ளவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துப் போனால் அதற்கென்று செய்த உறையில் உடம்போடு சேர்த்து, முழுக்க மூடித்தான் வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடும் அவர் கையில் இருக்க வேண்டும். மறைத்து வைப்பது சலுகை இல்லை, நிபந்தனை. வேட்டி மடிப்பில் செருகுவதும், பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவதும் இந்த விதிக்குள் வராது. தனி அனுமதி இல்லாமல் தேர்த்திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் எதற்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடம் உண்டு, லைசென்ஸும் ரத்தாகலாம். லைசென்ஸே இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு வரை போகலாம்.

லைசென்ஸ் வாங்குவதில்தான் ரிவால்வருக்கும் நீளத் துப்பாக்கிக்கும் பெரிய வித்தியாசம். 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கியை, அதாவது ரவை சுடும் ‘12 போர்’ மாதிரியானதை, பாதுகாப்புக்குக் கேட்டால், மறுக்க வேறு காரணம் இல்லாதபோது கொடுக்கச் சொல்கிறது. ரிவால்வருக்கு ‘தக்க காரணம்’ இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அந்த அதிகாரி, கோவை, திருப்பூர், சேலம் மாநகருக்குள் போலீஸ் கமிஷனர். வெளியே மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் ஏ-1 படிவம், கூடவே பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி. ‘திருட்டு பயம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். முன்பு நடந்த திருட்டுக்கான சிஎஸ்ஆர் (புகார் ரசீது), எஃப்ஐஆர் நகல், வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள தூரம், மஞ்சள் கொப்பரை வியாபாரத்தில் ரொக்கம் கையாள்வதற்கான வங்கிக் கணக்கு, இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். சொத்து போதுமான அளவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ரெண்டு ஏக்கர்காரரும் தயங்காமல் கேட்கலாம். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. கிடைக்கும் லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அந்த வாரங்களில் வீட்டில் துப்பாக்கி இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எப்போது சுடலாம்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள்தான் இதற்குப் பதில். பொருளைக் காக்கும்போது எதிராளி செத்தாலும் குற்றமில்லை என்ற அளவுக்கு உரிமை நீள்வது 41ஆம் பிரிவில் சொன்ன சந்தர்ப்பங்களில் மட்டும்: கொள்ளை, பொழுது சாய்ந்து மறுநாள் விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுவது, குடியிருக்கிற அல்லது பொருள் வைத்திருக்கிற கட்டடத்துக்குத் தீ வைப்பது, வெடி வைப்பது, உயிரோ கைகாலோ போகும் என்று நியாயமாகப் பயப்பட வைக்கும் திருட்டு, சேதம், வீட்டில் அத்துமீறல்.

இதை நம் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி ஆள் உள்ளே வருகிறான்: உரிமை முழுதாக இருக்கிறது, அப்போதும் தேவைக்கு மேல் போகக் கூடாது என்று 37ஆம் பிரிவு கட்டுகிறது. அதே ஆள் பகல் பதினோரு மணிக்கு வந்தால், உயிர் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்ததா என்ற கேள்வி வரும். பட்டியிலிருந்து ஆட்டைத் தூக்கிக்கொண்டு இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் பாதையில்) ஓடுபவனைத் துரத்திப் பிடிக்கலாம், மடக்கலாம். முதுகில் சுட்டால் கொலைவழக்குதான். இட்டேரிப் பாதைக்கும் வரப்புக்கும் பங்காளியோடு தகராறு என்றால் துப்பாக்கியை எடுக்கவே கூடாது. தாசில்தாரிடமோ போலீஸிடமோ போக நேரம் இருக்கும் விவகாரத்தில் தற்காப்பு உரிமையே கிடையாது. எடுத்துக் காட்டினாலே குற்றமுறு மிரட்டல் வழக்கு வரும். அந்த லைசென்ஸ் திரும்ப வராது.

சுட நேர்ந்துவிட்டால் உடனே 112க்குச் சொல்லுங்கள். உடைந்த கதவையும் வெற்றுக்கூட்டையும் தொடாதீர்கள், வாசலைக் கூட்டாதீர்கள். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். அந்த நெம்பிய தாழ்ப்பாள்தான் உங்கள் சாட்சி.

ஆகவே தினமும் ரொக்கத்தோடு பயணம் போகிற, மாதம் ஒரு முறையாவது சுட்டுப் பழகுகிற ஆளுக்கு பிரபல் சரி. தோட்டத்து வீட்டில் இருக்கும் வயதான அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் இல்லை. லைசென்ஸ்காரர் வெளியூரில் இருக்கும்போது காவல்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. லைசென்ஸில் அவர் பெயரும் ஏறியிருக்க வேண்டும். துப்பாக்கிக்குக் கொடுக்கும் லட்சத்துச் சொச்சத்தில் வாசலுக்கும் பின்கட்டுக்கும் இரும்பு கிரில், வெளியிலிருந்து அணைக்க முடியாத விளக்கு, சிம் போட்ட கேமரா, இரண்டு நல்ல நாய் எல்லாம் வந்துவிடும். துப்பாக்கி வேண்டும் என்றே இருந்தால் ஒற்றைக்குழல் 12 போர் கேளுங்கள்: லைசென்ஸ் வாய்ப்பு கூடுதல், இருட்டில் குறியும் எளிது. ரவை சிதறும் என்பதால் பின்னால் யார் வீடு இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

புதுசு வாங்கப் போகும் முன் பரணையும் ஒரு தடவை பாருங்கள். பாட்டனார் காலத்து 12 போர் துணி சுற்றிக் கிடக்கும் வீடுகள் நம் பக்கம் உண்டு. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அதைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கி, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.